மழை பிடிக்கும் முன் ஆமைக்கு வீட்டுக்குள் ஓர் இடம்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் ஒரு வளர்ப்பாளரிடம் உள்ளங்கை அளவு சல்காட்டா ஆமைக் குஞ்சு வாங்கி வந்து, பழைய மீன் தொட்டியில் கூழாங்கல் பரப்பி, மேலே ஒரு மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறார். பகலெல்லாம் அது கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறதாம். இடவப்பாதி எனும் ஜூன் மாதப் பருவமழை தொடங்கினால் முற்றத்தில் விட முடியாது, வீட்டுக்குள் எப்படி அமைப்பது, எந்த பல்பு வாங்குவது என்று கேட்கிறார். மழைக்காலத்தில் ஆமை சாப்பிடாமல் தூங்கும், அதன் போக்கில் விட்டுவிடு என்று யாரோ சொன்னார்களாம், அது சரியா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் குஞ்சுகள் சாவது அதில்தான். சரியில்லை தம்பி. சல்காட்டா குளிர்தூக்கம் போடும் இனமே இல்லை. அதன் ஊர் சகாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட நாடு, குளிர்காலம் முழுக்கத் தூங்கும் வழக்கமே அதற்கு இல்லை. நம் ஊரில் ஜூலை மழையில் அது அசையாமல் கிடந்தால் தூங்கவில்லை, உடம்பு சூடில்லாமல் முடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். சூடு இல்லாவிட்டால் தின்ற புல் வயிற்றில் செரிக்காது, நோயை எதிர்க்கும் சக்தியும் இறங்கிவிடும். அடுத்து மூக்கில் சின்னதாக நீர்க்குமிழி வரும், பிறகு கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்தக் கட்டத்தில் வீட்டு வைத்தியம் வேலைக்கு ஆகாது. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த வேறு மருத்துவரிடமோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருப்பது நிஜமாகவே சல்காட்டாதானா என்று ஒருமுறை பாருங்கள். சல்காட்டா குஞ்சின் ஓடு மணல் நிறத்தில், ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பழுப்புக் கோடு சுற்றியபடி இருக்கும். கறுத்த ஓட்டில் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் கதிர் மாதிரி விரிந்தால் அது நட்சத்திர ஆமை, நம் நாட்டுக் காட்டு உயிர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது, எவ்வளவு ஆசையாக வளர்த்தாலும் சரி. வனத்துறையிடம் ஒப்படைப்பது ஒன்றே வழி. சல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமைகளுக்கும் காகிதம் உண்டு: 2024ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். விற்றவரிடம் அவருடைய பதிவு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அங்கே ஏதோ சரியில்லை. தமிழ்நாட்டில் வாங்கிக் கேரளத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது கூண்டு. பல்பு பெயர், பெட்டி அளவு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும். ஆமை தன் உடம்புச் சூட்டை நடந்து நடந்துதான் சரிசெய்துகொள்ளும். குளிர்ந்தால் வெயிலுக்கு நடக்கும், சுட்டால் நிழலுக்கு நடக்கும், காய்ந்தால் ஈர மண்ணுக்குள் புகும். அதனால் நாம் கட்டுவது ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று தட்பவெப்பம். ஒரு கோடி நன்றாகச் சூடாக, மறு கோடி இதமாக, நடுவில் ஒரு ஈரமான ஒளிவிடம். எங்கே எப்போது இருப்பது என்பதை அது முடிவு செய்துகொள்ளும். மீன் தொட்டி தோற்பது இங்கேதான். இரண்டடித் தொட்டியில் பல்பு போட்டால் முழுத் தொட்டியும் ஒரே சூடாகிவிடும், அணைத்தால் முழுவதும் ஒரே குளிர். போக இடமே இல்லாத பிராணி கண்ணாடியைச் சுரண்டாமல் என்ன செய்யும்? அதோடு அதற்குக் கண்ணாடி என்ற ஒன்று புரிவதும் இல்லை. அந்தப் பக்கம் தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை, அதனால் ஓயாமல் முட்டும். இப்போதைக்கு வேறு வழியில்லை என்றால் தொட்டியின் நாலு பக்கமும் வெளியிலிருந்து பழுப்புத் தாள் ஒட்டுங்கள், அன்றைக்கே கொஞ்சம் அடங்கும்.

பெட்டிக்கு, நாலடி நீளம் இரண்டடி அகலம் குறைந்தபட்சம், ஆறுக்கு மூன்று கிடைத்தால் ரொம்ப நல்லது. பக்கச் சுவர் ஒன்றரை அடி உயரம். தச்சரிடம் சொன்னால் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் ஷீட் வாங்கிச் செய்து கொடுத்துவிடுவார். உள்பக்கம் தண்ணீர் புகாத எபாக்சி பூச்சு பூசி, வாடை முழுக்கப் போகும்வரை காற்றாட வைத்துவிட்டுத்தான் ஆமையை இறக்க வேண்டும். ப்ளைவுட் வேண்டாம் என்றால் கொத்தனார்கள் கலவை போடும் பெரிய கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியோ, வெடித்துப்போன தண்ணீர் டேங்க்கை நீளவாக்கில் அறுத்ததோ தாராளம். ஈரத்துக்கு உப்பாது, கரையான் ஏறாது. மேல் பக்கம் பாதியை மூடும்படி ஒரு பாலிகார்பனேட் தகடு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விளக்கு நிற்கும் பாதியில் அது வரக் கூடாது. மழை மாதங்களில் மூடி அதிகம் தேவைப்படாது, மார்கழி தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடாமல் அடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். டைல்ஸ் தரை ராத்திரி முழுக்கச் சூட்டை உறிஞ்சும். ஒரு அடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். இது எறும்புக்காக. சிவப்பெறும்பு ஒரு ராத்திரியில் குஞ்சின் கண்ணையும் தொடை இடுக்கையும் பதம்பார்த்துவிடும், அது உதறித் தள்ளவும் முடியாது. எறும்புச் சாக்பீஸ், மருந்து ஸ்ப்ரே, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையிலேயே வேண்டாம்.

அடியில் போட உங்களுக்கு வெளிநாட்டுப் பாக்கெட் எதுவும் தேவையில்லை. எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சி, தென்னை நார்க்கழிவு அங்கே மலையாகக் கிடக்கிறது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும்: கழுவி உப்பு நீக்கிய கட்டி என்று சொல்லுங்கள், நாற்றுப் பண்ணைக்காரர்கள் வாங்குவது அதைத்தான். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், நாலடிப் பெட்டிக்கு மூன்று நாலு அங்குல கனத்துக்குப் பரப்பப் போதும். வீட்டில் இன்னொரு தடவை அலசிப் பிழிந்து போடுவது நல்லது. ஈரப்பதம் எவ்வளவு என்றால், புட்டுக்கு மாவு நனைக்கிற பதம்தான்: கையில் பிடித்தால் பிடிக்க வரவேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மேலே தெளிக்காமல் மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடிப்பகுதி நனைந்து மேற்பரப்பு உலர்ந்திருக்கும், வயிற்றோட்டில் புண் வராது. கூழாங்கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், விழுங்கினால் குடல் அடைக்கும். உமி, மரத்தூள், மணல், செய்தித்தாள் எதுவும் வேண்டாம்.

பாலைவன ஆமைக்கு எதற்கு ஈரம் என்று பலர் கேட்பார்கள். வெளியே பாலைதான், ஆனால் அது வாழ்நாளில் பெரும்பகுதியைத் தான் தோண்டிய வளைக்குள் கழிக்கிறது, அந்த வளைக்குள் காற்று ஈரமானது. குஞ்சுகள் பொரித்து வெளிவருவதும் மழையை ஒட்டித்தான். காய்ந்த பெட்டியில் வளரும் குஞ்சுக்கு ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கோபுரம் கோபுரமாகப் புடைத்து எழும்பும், எழும்பியது பிறகு இறங்கவே இறங்காது. முன்பெல்லாம் புரதம் அதிகமானதால் வருகிறது என்று சொல்வார்கள். 2003ல் சல்காட்டா குஞ்சுகளை வைத்தே செய்து வெளியிட்ட ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரம்தான் பெரிய காரணம் என்று தெரியவந்தது. ஆக, ஈரம் தப்பே இல்லை. குளிரோடு சேர்ந்த ஈரம்தான் தப்பு. பாலக்காட்டு ஜூலை நமக்குத் தருவது அந்த இரண்டாவதைத்தான். ஈரம் வானமே கொடுத்துவிடுகிறது, சூட்டை மட்டும் நாம் சேர்க்க வேண்டும்.

சூட்டுக்கு இரண்டு கருவிகள் வேண்டும், பகலுக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று. பகலுக்கு ஹாலோஜன் பல்பு, ஒளி அகலமாக விழும் வகை, 50 அல்லது 75 வாட். அதைப் பெட்டியின் ஒரு கோடியில் மட்டும் தொங்கவிட்டு, கீழே ஓர் ஓட்டுத்துண்டோ தட்டைக் கல்லோ வையுங்கள். ஆமையின் முதுகு நிற்கும் உயரத்தில் 35லிருந்து 38 டிகிரி வரவேண்டும். மறு கோடியில் 27, 28 இருந்தால் போதும். பல்பின் வாட்டை நம்பி விட்டுவிடாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து சங்கிலியை ஏற்றி இறக்குங்கள். ஒரு டைமர் போட்டுக் காலை ஏழு மணிக்கு எரிந்து மாலை ஏழுக்கு அணையும்படி வையுங்கள். ராத்திரிக்கு வெளிச்சமே தராத பீங்கான் ஹீட்டர், 60லிருந்து 100 வாட். சிவப்பு பல்பு, நீல பல்பு என்று விற்பதெல்லாம் அதன் தூக்கத்தைக் கெடுக்கும். இந்த ஹீட்டரைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது. கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்குப் போடுகிற அதே கட்டுப்பாட்டுக் கருவி போதும், நம் பக்கம் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். 27ல் வைத்துவிடுங்கள், உணர்வு முனை ஆமை தூங்கும் இடத்தருகே இருக்கட்டும். மழைநாள் ராத்திரி நம் ஊரில் 22, 23 வரை இறங்குகிறது. நமக்கு அது சுகமான குளிர், குஞ்சுக்கு அது சளிக்கு வழி.

இந்த ஹீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். வயரிலேயே தொங்கவிடாமல் சங்கிலியில், ஒன்றுக்கு இரண்டு கொக்கியாகத் தொங்கவிடுங்கள். காய்ந்த நார்க்கழிவில் விழுந்தால் புகைந்து பற்றிக்கொள்ளும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் வீட்டு இ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு இணைப்புக் கொடுங்கள், ஏனென்றால் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது.

நீங்கள் பல்பு என்று கேட்டதில் உண்மையான கேள்வி யூவிபி பற்றியது, அதாவது வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர். அந்த ஒளி தோலில் பட்டால்தான் ஆமை உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகும், அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போகும். இல்லாவிட்டால் ஓடு விரலால் அமுக்கினால் அமுங்கும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், காலை ஊன்றி வயிற்றைத் தூக்கி நடக்காமல் தரையில் இழுத்துக்கொண்டு போகும். ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுகிறதே என்று நினைக்காதீர்கள். கண்ணாடி சூட்டை உள்ளே விடும், யூவிபியைத் தடுத்துவிடும். அப்படியென்றால் ஜன்னல் ஓரத்து மீன் தொட்டி ஒரு அடுப்புதான், பயன் ஒன்றும் இல்லை. வாங்க வேண்டியது ஊர்வனவுக்கென்று செய்த டி5 குழல்விளக்கு, 10 அல்லது 12 சதவீதம் யூவிபி என்று போட்டிருக்கும், பெட்டியின் சூடான பாதிக்கு மேலே, ஆமை முதுகிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நடுவில் வலையோ தகடோ இல்லாமல். பக்கவாட்டில் வைத்தால் கண் கெடும், எப்போதும் தலைக்கு மேலேதான். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே வரும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சுருள் வடிவக் குண்டு பல்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை, ஒரு சின்ன வட்டத்துக்கு மேல் அவற்றின் யூவிபி எட்டாது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் இருக்கும் யூவி குழலை மட்டும் யாராவது மலிவு என்று சொன்னால் தொடவே வேண்டாம், அது கிருமி கொல்லும் வேறு வகைக் கதிர், ஆமைக்கும் உங்களுக்கும் கண் போய்விடும்.

வெயில் அடிக்கும் நாளில் இந்த விளக்கையெல்லாம்விட நம் வெயில்தான் மேல். எட்டரையிலிருந்து பத்து மணிக்குள் அரை மணி நேரம் முற்றத்தில் விடுங்கள், பாதி நிழல் இருக்கும்படியாக, மேலே வலை போட்டு. காக்கை, கீரி, பூனை மூன்றும் குஞ்சைத் தூக்கும். பக்கெட்டில் போட்டு வெயிலில் வைப்பது மட்டும் கூடாது, ஏப்ரல் மாதத்து வெயிலில் பத்து நிமிஷத்துக்குள் விபரீதமாகிவிடும்.

ஒளிவிடத்துக்குப் பாதி உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, அதற்குள் மட்டும் நார்க்கழிவைக் கூடுதலாக நனைத்து வையுங்கள். குஞ்சு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா, காலையில் விளக்கு எரிந்தபின் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் சட்டி வாயில் மூக்கு மட்டும் தெரியும். அப்புறம் நேராக ஓட்டுத்துண்டுக்கு நடந்துபோய், வயிற்றைக் கீழே வைத்து, பின்னங்கால் இரண்டையும் முழுசாக நீட்டி, கழுத்தைத் தரையில் போட்டுப் படுக்கும், உள்ளங்கால் வெளியே தெரிய. செத்துவிட்டதோ என்று பயந்து கேட்பவர்கள் உண்டு, ஆனால் அதுதான் சுகமான ஆமை. கொஞ்சம் சூடேறியதும் எழுந்து சாப்பாட்டைத் தேடும். இந்த வரிசை நடந்தால் கூண்டு சரியாக இருக்கிறது. விளக்கைவிட்டு நகரவே மாட்டேன் என்றால் மற்ற இடமெல்லாம் குளிர், விளக்குப் பக்கமே போகவில்லை என்றால் அங்கே சூடு அதிகம்.

தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடியில் வைக்கும் மண்தட்டு, விளிம்பு தரை மட்டத்துக்கு வரும்படி புதைத்து வையுங்கள். மண் என்பதால் கால் வழுக்காது. அதற்குள்ளேயே வெளிக்குப் போகும், தினமும் கழுவித்தான் ஆகவேண்டும். அது போக, குஞ்சுக்குத் தினமும் இருபது நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கும் ஆழத்தில் குளியல். வெள்ளையாகக் களி மாதிரி ஒன்று வெளியேறும், அது சாதாரணம். மணல் மணலாக வந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம், ஆமை சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமக்கும்.

சாப்பாடு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அருகம்புல் முதல் உணவு, அதோடு செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி, மல்பெரி இலை, இடையிடையே முருங்கை. பழம், சோறு, இட்லி, நாய் பிஸ்கட் வேண்டாம். அரளி, எருக்கு, ஆமணக்கு, அழகுக்கு வைக்கும் குரோட்டன்ஸ் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. வரப்பில் புல் பறித்தால் அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை எனும் கணவாய் மீன் ஓடு வாங்கிப் போடுங்கள், மலையாளக் கடையில் கடல்நாக்கு என்று கேட்க வேண்டும், அதுவே கடித்துக்கொள்ளும்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்ற எண்ணம் வந்தால் வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டு குஞ்சு என்றால் ஒன்று சூடான இடத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொள்ளும், மற்றது சண்டையே இல்லாமல் மெலிந்துகொண்டு போகும்.

இந்தக் கூண்டு எத்தனை நாளைக்கு என்பதையும் யோசித்து வையுங்கள். கலாபகோஸ், அல்தாப்ரா ஆமைகளுக்கு அடுத்து உலகிலேயே பெரிய தரை ஆமை இது. ஆண் 45 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், ஐம்பது அறுபது வருஷம் வாழும். ஆறடிப் பெட்டி அதன் குழந்தைப் பருவத்துக்கு மட்டும்தான். அப்புறம் மண் தரையும், ஆழமாக அஸ்திவாரம் போட்ட சுற்றுச்சுவரும், மழை புகாத சூடான ஒரு கொட்டகையும் வேண்டும். உங்கள் வீடு மாடியில் என்றால் தோப்பு வைத்திருக்கும் உறவினர் யாரிடமாவது இப்போதே பேசி வையுங்கள்.

கடைசியாகக் கரண்ட். பெருமழையில் தென்னை மட்டை விழுந்து லைன் போனால் ராத்திரி முழுக்க வராமல் இருப்பது நம் பக்கம் புதிதில்லை. பீங்கான் ஹீட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும், ஆனால் 60 வாட் என்றால் சில மணி நேரம் தாங்கும். அதுவும் இல்லாவிட்டால் இரண்டு பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி ஒளிவிடத்தின் இருபுறமும் வைத்து, பெட்டிக்கு மேலே கம்பளி போட்டு மூடுங்கள், காற்றுக்கு ஒரு ஓரம் மட்டும் திறந்திருக்கட்டும். மூடும் முன் ஹாலோஜன், ஹீட்டர் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், நடுராத்திரி கரண்ட் வந்தால் கம்பளிக்கு அடியில் எரியத் தொடங்கும். தண்ணீர் ஆறினால் மாற்றிக்கொண்டே இருங்கள். அன்றைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம், மறுநாள் உடம்பு சூடானபின் கொடுத்தால் போதும்.